டிராக்டருக்கும் மற்ற எஞ்சின்களுக்கும் சிந்தெடிக் ஆயில்: எந்த வரிசையில் முடிவெடுப்பது?

"சிந்தெடிக் போடலாமா, வேண்டாமா?" டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஆயில் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். உண்மையில் அது நான்காவதாக வரவேண்டியது. எந்த இடத்தில் ஊற்றப் போகிறோம், எந்தத் தரக் குறியீடு, எந்த கிரேடு (அதாவது ஆயிலின் கனம்) என்ற மூன்றும் முடிவான பிறகுதான் சிந்தெடிக்கா (கடுமையாகச் சுத்திகரித்தோ வேதியியல் முறையில் கட்டமைத்தோ எடுத்தது) மினரலா (கச்சா எண்ணெயிலிருந்து வழக்கமான முறையில் எடுத்தது) என்று யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது. முதல் மூன்றில் ஒன்று பிசகினாலும் மிக விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் எஞ்சினைக் காப்பாற்றாது. அந்த மூன்றும் சரியாக இருந்துவிட்டால் நல்ல மினரல் ஆயிலிலேயே பல டிராக்டர்கள் ஆயுள் முழுக்க ஓடிவிடும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பாருங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் பின்னால் வருகிற கணக்கெல்லாம் தவறிவிடும்.

1. கடைக்குப் போகும் முன் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு தாளில் ஆறு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

- எஞ்சினின் மாடல் எண், தயாரிப்பு ஆண்டு. டிராக்டரின் மாடல் மட்டும் போதாது. ஒரே பெயரில் வரும் டிராக்டரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு எஞ்சின் இருப்பதுண்டு.
- மேனுவலில் ஆயில் பக்கத்தில் இருக்கும் தரக் குறியீடு, கிரேடு, எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விவரம்.
- வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது. ஹவர் மீட்டரை இரண்டு தேதிகளில் பார்த்தாலே தெரிந்துவிடும்.
- எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் இருக்கும் மிகக் குறைந்த வெப்பநிலை. மதிய வெயில் அல்ல, விடியற்காலைக் குளிர்.
- டர்போ இருக்கிறதா? புகைப்போக்கியில் டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி இருக்கிறதா?
- கிடைக்கும் டீசலில் கந்தகம் எவ்வளவு? பயோடீசல் கலக்கிறீர்களா?

கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். தரக் குறியீட்டைத் தீர்மானிப்பதே பெரும்பாலும் அந்த இரண்டுதான். மேனுவல் தொலைந்து போயிருந்தால் எஞ்சின் தகட்டில் உள்ள எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் பிரதி கேட்டு வாங்குங்கள். பக்கத்து வயல்காரர் என்ன ஊற்றுகிறார் என்பதை அளவுகோலாக எடுக்க வேண்டாம். அவர் எஞ்சின் வேறாக இருக்கலாம். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

2. எந்த இடத்தில் ஊற்றப் போகிறீர்கள்?

காரில் இந்தக் குழப்பம் குறைவு. டிராக்டரில்தான் அதிகம், ஏனென்றால் ஒரே வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பின் ஆக்சில், ஆயிலில் மூழ்கி இயங்கும் பிரேக் என்று பல இடங்களில் ஆயில் இருக்கிறது. கேனில் "டிராக்டர் ஆயில்" என்று பெரிதாக எழுதியிருப்பதால் அது எஞ்சினுக்கு என்று அர்த்தமாகிவிடாது.

யுடிடிஓ என்று குறிப்பிட்டிருந்தால் அது கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பிரேக் ஆகியவற்றுக்கான ஆயில். எஞ்சினில் ஊற்றவே கூடாது. புகைக்கரியையும் எரிப்பில் உண்டாகும் அமிலத்தையும் சமாளிக்கத் தேவையான சேர்மானங்கள் அதில் இல்லை.

எஸ்டிஓயு என்று இருந்தால் எஞ்சின் உட்பட எல்லா இடத்துக்கும் ஒரே ஆயில். பழைய டிராக்டர்கள் பல இருக்கும் இடத்தில் இது வசதி. புது எஞ்சினுக்கு இது போதுமா என்பதை அதில் எழுதியுள்ள எஞ்சின் தரக் குறியீட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். என்னைக் கேட்டால், டிபிஎஃப் உள்ள எஞ்சின் வைத்திருப்பவர் எஸ்டிஓயு பக்கமே போக வேண்டாம்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. மீதமிருக்கும் நல்ல எஞ்சின் ஆயிலை வீணாக்க மனமில்லாமல் ஹைட்ராலிக் பக்கம் ஊற்றுவார்கள். பிரேக்குக்கும், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டின் கிளட்சுக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு உராய்வு வேண்டும், அது தவறினால் பிரேக் பிடிக்கும்போது கத்தும், அதிரும், கிளட்ச் நழுவும். மேனுவல் அனுமதித்தால் மட்டுமே ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்குப் போகலாம்.

3. தரக் குறியீட்டைப் பூட்டுங்கள்

டீசல் எஞ்சின் ஆயிலுக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் தரும் ஏபிஐ குறியீடுகள் "சி" எழுத்தில் தொடங்கும்: சிஎச்-4, சிஐ-4, சிஜே-4, சிகே-4. பெட்ரோல் எஞ்சினுக்கு "எஸ்" எழுத்து: எஸ்எல், எஸ்என், எஸ்பி. ஒரே கேனில் இரண்டும் இருந்தால், முதலில் எழுதியிருப்பது அந்த ஆயில் முக்கியமாக எதற்காகத் தயாரிக்கப்பட்டது என்பதற்கான குறிப்பாகப் பெரும்பாலும் இருக்கும்.

சிகே-4 என்பது 2016 டிசம்பரில் வந்தது. சிஜே-4, சிஐ-4, சிஎச்-4 கேட்கும் எஞ்சின்களுக்கும் அதைப் பயன்படுத்தலாம். "அப்படியானால் புதியதையே வாங்கிவிட்டால் போகிறதே" என்று நினைக்கத் தோன்றும். இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன.

முதலாவது எஃப்ஏ-4. இதுவும் சிகே-4 வந்த அதே நாளில் வந்ததுதான், ஆனால் பழைய எஞ்சின்களுக்குப் பொருந்தாது. அதிக வெப்பத்தில் வேண்டுமென்றே மெல்லியதாக இருக்கும்படி, சில புது எஞ்சின்களுக்காக மட்டும் உருவானது. "புதுசு, அதனால் நல்லது" என்று இதை எடுத்துப் பழைய டிராக்டரில் ஊற்றினால் பேரிங்கில் ஆயில் படலம் தேவையை விட மெலிந்துவிடும். மேனுவலில் எஃப்ஏ-4 என்று எழுதியிருந்தால் தவிர இதைத் தொட வேண்டாம்.

இரண்டாவது கந்தகம். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அதை முறிக்கத்தான் ஆயிலில் காரத்தன்மை சேர்க்கிறார்கள். ஆயில் கம்பெனி தரும் தரவுத்தாளில் டிபிஎன் என்று ஓர் எண்ணாக அது இருக்கும். டிபிஎஃப் உள்ள எஞ்சின்களுக்காகச் சாம்பல் குறைத்து வரும் சிஜே-4, சிகே-4 ஆயில்களில் சல்ஃபேட்டட் சாம்பல் (ஆயில் எரிந்த பின் மிஞ்சும் சாம்பல்) 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. சாம்பலைக் குறைத்தால் காரத்தன்மையும் ஓரளவு குறையும். கந்தகம் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அளவில் உள்ள டீசலில் இது பிரச்சினையே இல்லை. கந்தகம் 500 பிபிஎம்முக்கு மேல் போகும் டீசலாக இருந்தால், டிபிஎன் அதிகமுள்ள சிஐ-4 ஆயிலே பழைய எஞ்சினுக்கு ஏற்றது. சிஐ-4 என்பது எடையில் 0.5 சதவீதம் வரை கந்தகம் உள்ள டீசலை மனதில் வைத்து வந்த தரம்.

டிபிஎஃப் இருந்தால் கதை தலைகீழ். வடிகட்டியில் சேரும் புகைக்கரியை எஞ்சின் தானே எரித்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கும். சாம்பல் அதிகமுள்ள ஆயிலைத் தொடர்ந்து ஊற்றினால் வடிகட்டி அடைபடுவதைத் தடுக்க வழியே இல்லை. ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் ஏசிஇஏ குறியீடு கேட்கும் எஞ்சின்களிலும் இதே பிரிவினைதான்: இ4, இ7 ஆகியவை சாம்பல் அதிகம் உள்ளவை, இ6, இ9, 2022-க்குப் பிறகு இ8, இ11 ஆகியவை சாம்பல் குறைந்தவை.

இவை எல்லாவற்றுக்கும் மேல், எஞ்சின் தயாரிப்பாளர் தனக்கென்று ஒரு குறியீட்டு எண் கேட்டிருந்தால் அதற்கே முதலிடம். உத்தரவாதக் காலத்தில் இதில் சமரசம் வேண்டாம்.

4. கிரேடு: குளிர்ப் பக்கம், சூட்டுப் பக்கம்

15டபிள்யூ-40 என்பதில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பது. சிறியதாக இருந்தால் குளிரில் நன்றாக ஓடும். பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் அதன் கனம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். 5டபிள்யூ-40 ஆயில் 15டபிள்யூ-40-ஐ விட "தண்ணி மாதிரி" என்று ஒதுக்குகிறார்கள். ஓடிச் சூடான எஞ்சினில் இரண்டும் ஒரே 40 வகைதான், 100 டிகிரியில் இரண்டும் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கனத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குள் வந்தாக வேண்டும். வித்தியாசமெல்லாம் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில்.

பெரும்பாலான டீசல் மேனுவல்களில் 15டபிள்யூ-40 ஆயிலை மைனஸ் 15 டிகிரி வரை அனுமதித்திருப்பார்கள். அதற்குக் கீழே 10டபிள்யூ, 5டபிள்யூ, 0டபிள்யூ என்று இறங்க வேண்டும். காரணம், குளிரில் ஆயில் கெட்டிப்பட்டால் ஸ்டார்ட்டர் சுழற்றத் திணறும். அதைவிட மோசம், எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகும் பம்ப்பால் ஆயிலை மேலே இழுக்க முடியாமல் போவது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகாத இடத்தில் 0டபிள்யூ வாங்குவதால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

சூட்டுப் பக்க எண்ணை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு மாற்றாதீர்கள். எரிபொருள் மிச்சமாகும் என்று 40-லிருந்து 30-க்கு இறங்குவது, தேய்ந்த எஞ்சினில் பிரஷர் ஏற 50-க்குத் தாவுவது இரண்டும் தவறு. கனமான ஆயில் கேஜில் முள்ளை உயர்த்திக் காட்டும், தேய்ந்த பேரிங்கைச் சரிசெய்யாது. பிரஷர் ஏன் இறங்கியது என்று தேடுவதுதான் வேலை.

5. இப்போது கேளுங்கள்: சிந்தெடிக் தேவையா?

அடிப்படை எண்ணெயை ஏபிஐ ஐந்து குழுவாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் வழக்கமான மினரல். மூன்றாவது, கச்சா எண்ணெயிலிருந்தே கடுமையான ஹைட்ரஜன் முறையில் சுத்திகரித்தது. நான்காவது பிஏஓ, அதாவது வேதியியல் முறையில் கட்டமைத்தது. எஸ்டர் போன்ற மீதி எல்லாம் ஐந்தாவது. இன்று பல நாடுகளில் "ஃபுல் சிந்தெடிக்" என்று விற்பதில் பெரும்பகுதி மூன்றாம் குழுதான். அதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை, நல்ல மூன்றாம் குழு ஆயில் எஞ்சினுக்குப் போதுமானது. ஆனால் "செமி சிந்தெடிக்" என்றால் எத்தனை சதவீதம் சிந்தெடிக் என்பதற்குப் பொதுவான கட்டாய அளவு இல்லை. ஆகவே அந்த வார்த்தைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் தரவுத்தாளைப் பாருங்கள்.

சிந்தெடிக் எங்கே தன் விலைக்கு உழைக்கிறது?

கடும் குளிரில் ஸ்டார்ட் செய்யும் எஞ்சின்களில். 5டபிள்யூ-40, 0டபிள்யூ-40 கிரேடுகளில் கனரக டீசல் ஆயில் வேண்டுமென்றால் பெரும்பாலும் சிந்தெடிக்தான் கிடைக்கும். இங்கே தேர்வு தானாகவே முடிந்துவிடுகிறது.

டர்போ எஞ்சினில், முழு லோடில் மணிக்கணக்காக ஓடும்போது. டர்போவின் பேரிங் பகுதியில் சூடு மிக அதிகம். எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் அங்கே நின்றுவிடும் ஆயில் வறுபட்டுக் கரியாகும். சிந்தெடிக் அந்தச் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். அதற்காக ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தும் பழக்கத்தைக் கைவிட்டுவிடக் கூடாது.

நீண்ட இடைவெளியில் மாற்றும் எஞ்சின்களில். இதைத்தான் விற்பனையில் அதிகம் சொல்கிறார்கள், இதில்தான் அதிகம் ஏமாற்றமும் அடைகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு டிராக்டர் வருடத்துக்கு 150 மணி நேரம் ஓடுகிறது. மேனுவல், "250 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அது" என்கிறது. அப்படியானால் மினரலாக இருந்தாலும் சிந்தெடிக்காக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறைதான். 500 மணி நேரம் தாங்கும் ஆயிலை ஊற்றினாலும் 150-இல் வடித்துவிடப் போகிறீர்கள். குளிரும் டர்போவும் இல்லாத நிலையில் இங்கே சிந்தெடிக் சும்மா செலவு.

இன்னொரு பக்கம் வருடத்துக்கு 2,000 மணி நேரம் ஓடும் ஜெனரேட்டரோ பம்ப் எஞ்சினோ இருக்கிறது. 250 மணிக்கு ஒருமுறை என்றால் 8 முறை, 500 என்றால் 4 முறை. சிந்தெடிக் இரண்டரை மடங்கு விலை என்று வைத்துக்கொண்டால் ஆயில் செலவு மட்டும் பார்க்கையில் இன்னும் நஷ்டம்தான். ஆனால் 4 ஃபில்டர், 4 முறை வேலை நிறுத்தம், 4 முறை கூலி மிச்சம். இவற்றைச் சேர்த்தால்தான் தராசு சாயும். இடைவெளியை இரட்டிப்பாக்க எஞ்சின் தயாரிப்பாளர் சம்மதிக்கிறாரா என்பது தனிக் கேள்வி. ஆயில் கம்பெனி சம்மதிப்பது போதாது.

ஏனென்றால் டீசல் எஞ்சினில் ஆயிலைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை: தூசி, புகைக்கரி, டீசல், தண்ணீர், அமிலம். அடிப்படை எண்ணெய் எவ்வளவு உயர்வானதாக இருந்தாலும் ஏர் ஃபில்டர் குழாயில் ஒரு கிளாம்ப் தளர்ந்து உள்ளே வரும் மண்ணை அது என்ன செய்ய முடியும்? உழவு வேலையில் இருக்கும் டிராக்டருக்குச் சிந்தெடிக் ஆயிலை விட நல்ல ஏர் ஃபில்டர் முதல் செலவு. பழைய டிராக்டர்களில் ஏர் கிளீனர் கிண்ணத்திலேயே ஆயில் இருக்கும். அதற்கும் சிந்தெடிக் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே மேனுவல் சொல்லும் கனத்தில் சாதாரண ஆயில் போதும், அளவுக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் சரி.

6. கேனையும் தரவுத்தாளையும் படிப்பது

கேனின் முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தைத் திருப்புங்கள்.

ஏபிஐ உரிமம் பெற்ற ஆயிலில் வட்ட முத்திரை இருக்கும். மேல் பாதியில் தரக் குறியீடு, நடுவில் கிரேடு. ஏபிஐ தன் இணையதளத்தில் உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியலை வைத்திருக்கிறது, அதில் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். "இந்தத் தரத்துக்கு ஏற்றது", "இந்த எஞ்சின்களுக்குப் பரிந்துரைக்கிறோம்" என்பது கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. "அங்கீகாரம் பெற்றது" என்றால் எஞ்சின் தயாரிப்பாளர் சோதனை முடிவுகளைப் பார்த்து ஒப்புக்கொண்டது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிது.

தரவுத்தாளில் நான் முதலில் பார்ப்பது டிபிஎன், சல்ஃபேட்டட் சாம்பல், 100 டிகிரியில் கனம், அப்புறம் நோவாக் ஆவியாதல். நோவாக் என்பது ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்ற சோதனை. எண் குறைவாக இருந்தால் சூடான எஞ்சினில் ஆயில் குறைவது மெதுவாகும். உறைநிலைக்கு நெருக்கமான "போர் பாயின்ட்" எண்ணை வைத்து மயங்க வேண்டாம். எஞ்சின் உண்மையில் எந்தக் குளிரில் ஸ்டார்ட் ஆகும் என்பதை கிரேடுதான் சொல்லும்.

7. டிராக்டர் அல்லாத எஞ்சின்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே கேன் என்பது ஆசைதான். சில இடங்களில் நடக்கும், சில இடங்களில் எஞ்சினைத் தின்றுவிடும்.

*காற்றால் குளிரும் சிறிய நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்* (பவர் வீடர், சின்ன ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப்): பலவற்றில் ஆயில் ஃபில்டரே கிடையாது, ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவு, சூடோ அதிகம். வெயில் காலத்தில் சாதாரண 10டபிள்யூ-30 ஊற்றினால் ஆயில் சீக்கிரம் குறையும். அதனால்தான் பல மேனுவல்கள் எஸ்ஏஇ 30 (டபிள்யூ எண் இல்லாத ஒற்றை கிரேடு) கேட்கின்றன. சிந்தெடிக் இங்கே நன்றாக வேலை செய்யும். ஆனால் ஃபில்டர் இல்லாததால் இடைவெளியை நீட்டக் கூடாது. புது எஞ்சினில் முதல் மாற்றம் பெரும்பாலும் 5 முதல் 20 மணி நேரத்துக்குள் வரும். அதைத் தவறவிட்டால் தேய்ந்து வரும் இரும்புத் துகள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

*பைக், ஏடிவி*: எஞ்சினும் கிளட்சும் ஒரே ஆயிலில் ஓடுபவை. ஜாசோ எனும் ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 குறியீடு கட்டாயம். உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும். ஸ்கூட்டர்களில் கிளட்ச் தனியாக இருப்பதால் பலவற்றுக்கு எம்பி.

*இரண்டு ஸ்ட்ரோக்*: மரம் அறுக்கும் ரம்பம், புல்வெட்டி, ஸ்ப்ரேயர். பெட்ரோலில் கலக்கும் ஆயில், ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி. படகு எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது, ரம்பத்தில் கலக்க வேண்டாம். நாலு ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் கலப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் நடக்கிறது.

*பழைய பெட்ரோல் எஞ்சின்*: தட்டையான டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) உள்ளவற்றுக்குத் தேய்மானம் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இன்றைய மெல்லிய பெட்ரோல் கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற. கன்வெர்ட்டர் இல்லாத இந்த எஞ்சின்களில் பெட்ரோல் குறியீடும் சேர்ந்த சிஐ-4 போன்ற டீசல் ஆயில் பல நேரங்களில் பொருத்தமாக இருக்கும்.

8. மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறும் நாள்

புது எஞ்சினிலோ புதிதாக ரிங் மாற்றிய எஞ்சினிலோ முதல் நாளே மாறாதீர்கள், தயாரிப்பாளரே சிந்தெடிக் நிரப்பி அனுப்பியிருந்தால் தவிர. ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தி அமைய நேரம் வேண்டும். ரன்னிங்-இன் காலத்துக்கு மேனுவல் சொல்லும் ஆயிலில் ஓட்டி, வடித்து, அப்புறம் மாறலாம். அந்தக் காலத்தில் லோடே கொடுக்காமல் ஐடிலில் ஓட்டுவதும் தவறு. சிலிண்டர் சுவர் கண்ணாடி போல் வழவழப்பாகி, ஆயில் குடிக்கும் எஞ்சினாகிவிடும்.

நிறைய ஓடிய எஞ்சின் என்றால் மாறும் முன் ஒழுகும் இடங்களைப் பாருங்கள். சிந்தெடிக் ஊற்றியதால் சீல் கெட்டது என்ற புகாரில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஏற்கெனவே தேய்ந்த சீலை அடைத்துக்கொண்டிருந்த பழைய கசடு கரைந்து ஒழுக்கு வெளியே தெரிகிறது. சீல் ஒழுகினால் முதலில் சீலை மாற்றுங்கள்.

வேலையின் வரிசை இது:

1. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். சூடான ஆயில் கசடைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
2. சமதளத்தில் நிறுத்தி டிரைன் போல்ட்டைக் கழற்றி முழுமையாக வடிய விடுங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.
3. ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.
4. புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் முறுக்கி, ஃபில்டரில் எழுதியுள்ள அளவுக்கு இறுக்குங்கள்.
5. மேனுவல் அளவில் கொஞ்சம் குறைவாக ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டே நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும்.
6. ஸ்டார்ட் செய்து, பிரஷர் விளக்கு அணையும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர நேரம் கொடுங்கள்.
7. நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, அளவை மறுபடி பாருங்கள்.

ஃப்ளஷிங் ஆயில் தேவையில்லை. அதில் ஒரு பங்கு எஞ்சினிலேயே தங்கிப் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதற்குப் பதில் முதல் சிந்தெடிக் சுற்றை மட்டும் பாதி நேரத்தில் வடித்து, ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். கரைந்து வந்த பழைய கசடு அதோடு போய்விடும். தனியாக விற்கும் "எஞ்சின் டானிக்" எதையும் சேர்க்க வேண்டாம். ஆயிலின் சேர்மானங்கள் ஒன்றுக்கொன்று அளந்து கலந்தவை.

நடுவில் ஆயில் குறைந்து சிந்தெடிக் கையில் இல்லையென்றால், அதே தரமும் கிரேடும் உள்ள மினரலை ஊற்றி ஓட்டலாம், இரண்டும் கலக்கும். ஆனால் அந்தச் சுற்றுக்கு மினரல் ஆயிலின் இடைவெளியையே கணக்கில் வையுங்கள்.

9. இடைவெளியை நீட்டும் முன்

ஆயில் கறுப்பாகிவிட்டது என்பது மாற்ற வேண்டியதற்கான அடையாளமல்ல. டீசல் எஞ்சினில் சில மணி நேரத்திலேயே கறுக்கும், புகைக்கரியை ஆயில் தாங்கிப் பிடித்திருக்கிறது என்றுதான் பொருள். கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுவது, டீசல் வாடை, பால் கலந்தது போன்ற நிறம். அளவு ஏறினால் டீசலோ கூலன்டோ கலக்கிறது. உடனே நிறுத்த வேண்டும், எந்த ஆயிலாக இருந்தாலும். பயோடீசல் கலந்து ஓட்டுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்கிய பயோடீசல் சாதாரண டீசல் போல எளிதில் ஆவியாகி வெளியேறாது. அவர்கள் இடைவெளியை நீட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மற்றவர்கள் நீட்டுவதாக இருந்தால் ஆய்வகச் சோதனையோடு நீட்டுங்கள். வழக்கமான இடைவெளியில் ஒரு மாதிரி எடுங்கள், எஞ்சின் சூடாக இருக்கும்போது, சுத்தமான குப்பியில், வடியும் ஆயிலின் நடுப்பகுதியிலிருந்து. முதலில் விழுவதில் அடிக்கசடு இருக்கும், முடிவு பொய் சொல்லும். அறிக்கையில் சிலிக்கான் ஏறினால் தூசி உள்ளே வருகிறது. சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட். இரும்பு ஏறினால் தேய்மானம். டிபிஎன் புது ஆயிலில் இருந்ததில் பாதிக்கு இறங்கிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பலர் கணக்கு வைக்கிறார்கள். ஒரே ஓர் அறிக்கையை வைத்து முடிவெடுக்காமல் அடுத்தடுத்த சுற்றுகளில் எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள். சரியாக இருந்தால் ஒரு தடவைக்கு 50 மணி நேரம் போலக் கூட்டுங்கள்.

10. மீதி ஆயிலும் பழைய ஆயிலும்

டிரம்மில் வாங்குபவர்கள் அதை வெளியில் நிமிர்த்தி வைத்தால் மூடியைச் சுற்றி மழைநீர் தேங்கும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது டிரம் அந்தத் தண்ணீரை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரைக்குக் கீழே வையுங்கள். முடியாவிட்டால் படுக்கப் போட்டு, இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில் வருமாறு உருட்டி வையுங்கள்.

ஊற்றும் புனலை ஆயிலுக்கென்று தனியாக வைத்து மூடி வையுங்கள். ஹைட்ராலிக் ஆயிலுக்கு வேறு புனல்.

வடித்த ஆயிலை மண்ணிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். அதில் பெட்ரோல், கூலன்ட், பெயின்ட் தின்னர் எதையும் கலக்காதீர்கள். கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். புது ஆயில் வந்த கேனின் மேல் தேதி, ஹவர் மீட்டர் எண், ஊற்றிய ஆயிலின் பெயர், தரம், கிரேடு ஆகியவற்றை மார்க்கரில் எழுதி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை கடையில் நிற்கும்போது தாளைத் தேட வேண்டியிருக்காது.